‘இருந்தது’ வேறு, ‘இருக்கிறது’ வேறு: அறிவியல் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் செய்தி வெளியிடும் ஆசிரியர்களுக்கு,

சென்ற மாதம் செவ்வாய்க் கோளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ‘செவ்வாயில் ஏரி இருந்தது: கல்லில் பதிந்த அலைத் தடம்’ என்பது நான் வைத்த தலைப்பு. வெளியானபோது அது ‘செவ்வாயில் தண்ணீர்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!’ ஆகியிருந்தது. மேலே ஒரு படம். சிவந்த மலைகளுக்கு நடுவே நீலமாகத் தளும்பும் ஏரி, கரையோரம் லேசாகப் பச்சை வேறு. உள்ளே, ‘இருந்தது’ என்று நான் எழுதிய மூன்று இடங்களில் ‘இருக்கிறது’ என்று மாற்றியிருந்தார்கள். தொலைபேசியில் கேட்டேன். “ஒரு சொல்தானே சார், இப்படிப் போட்டாத்தான் நாலு பேர் திறந்து பார்ப்பாங்க” என்றார் பொறுப்பில் இருந்தவர். திருத்தம் போடச் சொன்னேன். “அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

எந்த இதழ் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அவர்களுக்கும் எனக்கும் உள்ள தகராறாகச் சுருங்கிவிடும். பதினைந்து ஆண்டுகளாக எழுதுகிறேன். இதே வெட்டு இதே இடத்தில் விழுவதைப் பல பக்கங்களில் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு சொல்தானே என்றார் அல்லவா, அந்தச் சொல்லுக்குள் 370 கோடி ஆண்டுகள் இருக்கின்றன.

நான் எழுதியது இதுதான். செவ்வாயின் கேல் பெரும்பள்ளத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கியூரியாசிட்டி ரோவர் (நாசாவின் ஆய்வு ஊர்தி), 2022இல் ஒரு பாறை அடுக்கைப் படம் பிடித்தது. அதன் மேல் வரிவரியாகச் சிறு மேடுகள். உயரம் சுமார் 6 மில்லிமீட்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4, 5 சென்டிமீட்டர். ஆழமில்லாத நீருக்கு அடியில் மணலில் இப்படி வரி விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே திசையில் ஓடும் நீர் போட்ட வரி என்றால் மேட்டின் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். முன்னும் பின்னும் அலைந்த நீர் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இங்கே ஒன்றுபோல இருந்தன. ஆக, அது அலை. அலை எழவேண்டுமானால் நீர்ப்பரப்பைக் காற்று தொடவேண்டும். மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் தொட முடியாது. திறந்த வெளியில் நீர் நீராகவே கிடக்கவேண்டுமானால் அன்றைய வளிமண்டலம் இன்றையதைவிட அடர்த்தியாக இருந்திருக்கவேண்டும். வரிகளின் அளவை வைத்து ஆழத்தைக்கூடக் கணக்கிட்டார்கள்: 2 மீட்டருக்கும் குறைவு. 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு இது. ஆறு மில்லிமீட்டர் மேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கோளின் பழைய வானிலை வரைக்கும் போயிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன அதிர்ச்சி வேண்டும் உங்களுக்கு? (அந்த ஆய்வைச் செய்தவர்கள் யாரும் அதிர்ச்சி அடையவும் இல்லை. ஏரி இருந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ரோவரையே அங்கே இறக்கினார்கள்.)

இன்றைய செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஒரு குவளைத் தண்ணீரை வெளியே வைத்தால் கொதிப்பதா உறைவதா என்று அதற்கே குழப்பமாகிவிடும். ஏரியாகக் கிடக்க வழியே இல்லை. அன்று கிடந்தது, இன்று கிடக்க முடியாது, நடுவில் என்ன நடந்தது? என் கட்டுரையின் கேள்வி அதுதான். ‘இருக்கிறது’ என்று மாற்றி, மேலே நீல ஏரியையும் போட்டபிறகு அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

பள்ளிகளில் அவ்வப்போது பேசக் கூப்பிடுவார்கள். அண்மையில் ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “சார், போன மாசம் செவ்வாயில தண்ணி கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடியும் கண்டுபிடிச்சாங்கன்னு எங்கப்பா சொல்றாரு. நடுவுல தொலைச்சிட்டாங்களா?” அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தலைப்புகளை மட்டும் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை வேறு என்ன கேட்கும்?

அவளுக்கு உட்கார்ந்து விளக்கினேன். 2008இல் பீனிக்ஸ் என்ற விண்கலம் வடதுருவத்துக்குப் பக்கத்துச் சமவெளியில் மண்ணைச் சுரண்டியபோது, குழியில் வெள்ளையாகச் சில கட்டிகள் தெரிந்தன. நான்கு நாளில் அவை காணாமல் போயின. உருகாமல் நேரே ஆவியானவை என்பதால் அது பனிக்கட்டிதான் என்று முடிவுக்கு வந்தார்கள். பனிக்கட்டிக்கு ‘இருக்கிறது’ என்று எழுதுங்கள், சரிதான். 2018இல் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் ரேடார், தென்துருவப் பனிக்குக் கீழே சுமார் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பளிச்சென்ற எதிரொலியைப் பிடித்தது. அது ஏரி என்றார்கள் ஒரு சாரார். களிமண்ணும் அப்படி எதிரொலிக்கும் என்றார்கள் இன்னொரு சாரார். அந்த வழக்கு தீரவில்லை. 2024இல் இன்சைட் கலம் பதிவு செய்திருந்த நில அதிர்வு அலைகளை வைத்து, 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் நீர் நிறைந்திருந்தால் கணக்கு ஒத்துவருகிறது என்றார்கள். ஒத்துவருகிறது, அவ்வளவுதான், யாரும் கிணறு தோண்டிப் பார்க்கவில்லை. பனிக்கட்டி, எதிரொலி, கணக்கு, கல்லில் தடம் என்று நான்கும் நான்கு விதமான செய்திகள். நான்குக்கும் நம் பக்கங்களில் ஒரே தலைப்பு.

உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. 2015 செப்டம்பரில் நானும் தடுக்கி விழுந்தேன். செவ்வாயின் சரிவுகளில் வெயில் காலத்தில் கருங்கோடுகள் நீள்வதும் குளிர் வந்ததும் மங்குவதும் 2011இலேயே தெரிந்திருந்தது. அந்த இடங்களில் நீரேறிய உப்புகளின் சாயல் இருக்கிறது என்று 2015இல் அறிவித்தார்கள். ‘செவ்வாயில் இன்றும் ஓடும் உப்புநீர்’ என்று நானே, என் கையால், தலைப்பு வைத்தேன். இரண்டே ஆண்டு. 2017 நவம்பரில் வந்த ஆய்வு, அந்தக் கோடுகள் 27 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவுகளில்தான் தோன்றுகின்றன, சரிவு குறைந்ததும் நின்றுவிடுகின்றன என்று காட்டியது. குவித்து வைத்த உலர்மணல் சரிவதும் அதே சாய்வில்தான். நீர் என்றால் அதைவிடச் சாய்வு குறைந்த தரையிலும் ஓடியிருக்கும். நான் மணலுக்குத் தண்ணீர் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பழைய கட்டுரை இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. அதன் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லி அப்போதே கேட்டேன். “பழசை யார் சார் பார்க்கிறாங்க” என்று பதில் வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள். பள்ளிக்கு ஒப்படைப்பு எழுதும்போது தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். என் பெயரைப் போட்டே ஒரு மாணவன் அந்த வரியை எழுதிக் கொண்டுவந்து என்னிடமே காட்டியிருக்கிறான்.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், உண்மையான செய்தி உங்கள் தலைப்பைவிடச் சுவையானது என்பதுதான். வாசகருக்குப் பொறுமை இல்லை, கல்லைப் பற்றி யார் படிப்பார்கள் என்கிறீர்கள். நான் பேசப் போகும் இடத்துக்கெல்லாம் ஒரு துணிப்பையில் இரண்டு கற்கள் கொண்டுபோவேன். ஒன்று ஆற்றுக் கூழாங்கல், இன்னொன்று உடைத்த ஜல்லி. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைகூட, “இது தண்ணில உருண்டது” என்று கூழாங்கல்லைத் தூக்கிக் காட்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று படித்த பிள்ளைகளுக்கு, ஆறு உருட்டத் தேய்ந்தது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம்தான் 2012 செப்டம்பரில் கியூரியாசிட்டி அனுப்பிய படத்தைக் காட்டுவேன். காங்கிரீட் தளம் பெயர்ந்து கிடப்பதுபோல ஒரு பாறை. அதற்குள் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள், சில சிறு எலுமிச்சை அளவு. மணலைக் காற்று தூக்கிப்போகும். எலுமிச்சை அளவு கல்லைக் காற்று உருட்டிக்கொண்டு போகாது. உருட்டியது ஓடும் நீர்தான். கல்லின் அளவை வைத்து, ஓடை கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம் இருந்திருக்கும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும் என்றும் மதிப்பிட்டார்கள். ‘இடுப்பளவு ஆழம்’ என்று சொன்னதும் பிள்ளைகள் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த நொடியில் செவ்வாய் அவர்களுக்கு ஓர் இடமாகிவிடும். எந்த ஆச்சரியக்குறியும் போடாமலேயே.

ஸ்பிரிட் ரோவரின் கதையும் அப்படித்தான். முன்சக்கரம் ஒன்று சுழலாமல் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அதை இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தது. கெட்டுப்போன அந்தச் சக்கரம் உழுத தடத்தில் 2007இல் வெள்ளை மண் வெளிப்பட்டது. சோதித்தால் 90 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கா. சூடான நீரோ நீராவியோ பாறையோடு பழகாமல் அப்படிச் சேராது. சக்கரம் நன்றாக ஓடியிருந்தால் அதன் மேலேயே ஏறிப் போயிருக்கும். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? எத்தனை பேர் இதை வெளியிட்டீர்கள்?

ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 2004இல் மெரிடியானி சமவெளியில் கண்ட ஹெமடைட் என்ற இரும்புத் தாது உருண்டைகளை வெளியிட்டீர்கள்தான், ஆனால் ‘செவ்வாயில் நீலப் பழங்கள்’ என்று. சில மில்லிமீட்டர் அளவுள்ள, சாம்பல் நிறக் குண்டுமணிகள் அவை. படத்தில் வேறுபாடு தெரிவதற்காக நிறத்தைக் கூட்டிப் போட்டதால் நீலமாகத் தெரிந்தன, செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. பாறை இடுக்கில் ஊறிய நிலத்தடி நீரிலிருந்து இரும்புத் தாது மெல்லச் சேர்ந்து உருண்டையானது என்பதுதான் விளக்கம். அதே ரோவர் 2011இல் ஒரு ஜிப்சம் கீற்றையும் கண்டது. கட்டைவிரல் அகலம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். பாறை வெடிப்பில் நீர் புகுந்து, கரைந்திருந்ததை விட்டுவிட்டுப் போன தழும்பு.

ஜெசரோவைப் பற்றி ஒரு வார்த்தை. 45 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பெரும்பள்ளத்தின் பெயருக்குச் சில சிலாவிய மொழிகளில் ஏரி என்றே பொருள். மேலிருந்து எடுத்த படங்களில் விசிறி போல விரிந்த வண்டல் தெரிந்ததால்தான் 2021 பிப்ரவரியில் பெர்சிவியரன்ஸ் ரோவரை அங்கே இறக்கினார்கள். கோடியாக் என்று பெயரிட்ட ஒரு குன்றின் முகத்தைத் தொலைவிலிருந்து படமெடுத்தபோது, கிடையான அடுக்குகளுக்கு நடுவே சாய்ந்து இறங்கும் அடுக்குகள் தெரிந்தன. ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் வண்டல் சரிந்து படியும் அதே அமைப்பு. டெல்டாவின் மேலடுக்குகளிலோ ஒன்றரை மீட்டர் வரை அகலமுள்ள பாறாங்கற்கள் கிடந்தன. அமைதியான ஆறு அவற்றைச் சுமந்து வராது, வெள்ளம்தான் கொண்டுவந்து போட்டிருக்கும். இவை எல்லாம் முடிந்துபோன காலத்தின் வினைகள்: ஓடியது, படிந்தது, வற்றியது. காலத்தை மாற்றினால் கதையில் மிச்சம் எதுவும் இருக்காது.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் செவ்வாயிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. 1877இல் ஷியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் தொலைநோக்கியில் தெரிந்த கோடுகளை ‘கனாலி’ என்று குறித்தார். இத்தாலிய மொழியில் அது ஓடைக்கும் பொருந்தும், வாய்க்காலுக்கும் பொருந்தும். ஓடை தானாக ஓடுவது, வாய்க்கால் யாரோ வெட்டுவது. ஆங்கிலத்துக்குப் போனபோது வாய்க்காலாகிவிட்டது. வெட்டியவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்க வானியலாளர் அதற்காகவே பல ஆண்டுகள் செலவிட்டார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அருகில் போய் எடுத்த படங்களில் வெறும் பள்ளங்கள். உண்மையான ஆற்றுத் தடங்கள் தெரிந்தது, 1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9, கோளையே மூடியிருந்த புழுதிப் புயல் அடங்கும்வரை காத்திருந்து படமெடுத்த பிறகுதான். கோடுகள் பொய், ஓடைகள் மெய். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளருக்காவது சரிபார்க்க வழியில்லை. உங்கள் மேசையில் என் பிரதி இருந்தது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பெர்சிவியரன்ஸ் 43 குழாய்களோடு போனது. கல்லும் மண்ணும் நிரப்பி, பூமிக்குக் கொண்டுவருவார்கள் என்று காத்திருக்கிறது. அதில் ஒன்றில், 2024இல் செயாவா ஃபால்ஸ் என்று பெயரிட்ட பாறையிலிருந்து துளைத்தெடுத்த மாதிரி இருக்கிறது. சிறுத்தைப் புள்ளி போலப் புள்ளிகள் உள்ள பாறை. நுண்ணுயிரும் அப்படிப் புள்ளி வைக்கலாம், உயிரில்லாத வேதிவினையும் வைக்கலாம். எது என்று தீர்க்க இங்குள்ள ஆய்வகங்கள் வேண்டும். அந்தக் கற்களைக் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டியிருக்கும், இது கட்டுப்படியாகாது என்று 2024 ஏப்ரலில் நாசாவே சொன்னது. 2025இல் அமெரிக்க அரசு முன்வைத்த வரவுசெலவுத் திட்டம், அந்தப் பணியைக் கைவிடவே சொன்னது. இந்தச் செய்தியை நான் எழுதி அனுப்பியபோது என்ன பதில் வந்தது தெரியுமா? “அதான் உயிரே இருக்குன்னு போன வருஷமே போட்டுட்டோமே.” எல்லாவற்றையும் கண்டுபிடித்தாகிவிட்டது என்று நாம் எழுதி வைத்திருக்கும்போது, கற்கள் வரவேண்டும் என்று எந்த வாசகர் கவலைப்படுவார்?

ஆகவே கேட்கிறேன்.

கட்டுரையில் இறந்தகாலம் இருந்தால் தலைப்பிலும் அது இருக்கட்டும். ‘இருந்திருக்கலாம்’ என்பதில் உள்ள ‘கலாம்’ எழுத்தாளரின் தயக்கம் என்று நினைத்து வெட்டாதீர்கள். ஆய்வில் இருப்பதே அவ்வளவுதான். தண்ணீர் என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் பனிக்கட்டியா, ஆற்றுத் தடமா, நீரேறிய தாதுவா, ரேடார் எதிரொலியா என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கற்பனைப் படம் போட்டால் கற்பனை என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள். அதைவிட, ரோவர் எடுத்த படத்தையே போடுங்கள். எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, கூழாங்கல் படம் உட்பட. நிறம் கூட்டிய படம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். மாற்றிய தலைப்பை வெளியிடுவதற்கு முன் எழுதியவருக்கு ஒருமுறை காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். பழைய செய்தி பொய்த்துப்போனால் அதை நீக்கவேண்டாம், அதன் தலையில் தேதி போட்டு ஒரு குறிப்பு சேருங்கள். 2015 செப்டம்பரில் வெளியிட்ட உப்புநீர்ச் செய்திகளிலிருந்து தொடங்குங்கள், முதலில் என்னுடையதை எடுங்கள். குறிப்பு வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

பெயர் சொல்லாமல் விட்ட இதழுக்குத் தனியாக ஒன்று. தலைப்பையும் படத்தையும் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த மூன்று இடங்களில் ‘இருக்கிறது’ என்பதை ‘இருந்தது’ என்று மாற்றுங்கள். எந்தெந்த வரி என்று சிவப்பில் குறித்து நேற்று மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குச் செவ்வாய்க் கட்டுரைகள் எழுதித் தருபவன்